சியோல் நகரில் ஓர் ஓக் மரம்

சியோல் நகரத்துக்குப் போகிறவர்கள் பழைய அரண்மனைகளைப் பார்ப்பார்கள். ஹான் நதியில் படகேறுவார்கள். கையிலுள்ள பணம் கரையும் வரையில் கடைத்தெருவில் சாமான் வாங்குவார்கள். நாமோ ஒரு மரத்தைப் பார்ப்பதற்காகப் போனோம்.

"மரம் பார்க்கவா மாமா, ஆகாய விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்தீர்கள்? நம் ஊரில் மரத்துக்கா பஞ்சம்?" என்றான் நம் தங்கையின் மகன். அவன் அந்நகரில் எஞ்சினீயராக இருக்கிறான். நாலு வருஷமாக அங்கேயே குடியிருப்பவன். ஆயினும் அந்த மரம் எந்தத் திசையில் இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது. உள்ளூர்க் கோயிலின் தலபுராணம் உள்ளூர்க்காரனுக்குத் தெரியாதிருப்பது உலக வழக்கம்தானே!

மரத்தைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் உபாத்தியாயர் தொழில் செய்பவர். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பொது அறிவுப் பரீட்சை நடந்தது. "1936-ஆம் வருஷம் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் மாரதான் ஓட்டத்தில் வென்றவர் எந்த நாட்டவர்?" என்பது ஒரு கேள்வி. நம் கையிலிருந்த விடைப் புத்தகத்தில் "ஜப்பான்" என்று போட்டிருந்தது. ஒரு பையன் "கொரியா" என்று எழுதியிருந்தான். நாம் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தோம். அந்த ஒரு மார்க்கினால் அவனுக்கு முதற் பரிசு தவறிவிட்டது.

பையன் நம்மிடம் வந்தான். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "ஸார், ஓடியவர் கொரியர்தான்" என்று மட்டும் சொன்னான். நாம் புத்தகத்தைத் திறந்து காட்டினோம். அவன் அதை ஒரு தடவை பார்த்தான், நம்மை ஒரு தடவை பார்த்தான், பேசாமல் போய்விட்டான். அந்தப் பார்வை நெடுநாள் நம் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. பிறகு நூல்களைத் தேடிப் படித்தபோதுதான், முள் தைத்தது நியாயமே என்று தெரிந்தது.

*

அக்டோபர் மாதத்தில் ஒரு காலை நேரம். சியோல் ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் உயர்ந்த பாலத்தின் மேல் நாங்கள் இருவரும் நடந்தோம். 1970-ஆம் வருஷத்தில் மோட்டார் வண்டிகளுக்காகக் கட்டிய பாலம் அது. பழசாகிப் போன அதை 2017-இல் நடந்து செல்வோருக்கென்றே ஒதுக்கி, இருமருங்கும் செடிகொடிகள் வைத்துவிட்டார்கள். மோட்டாருக்குப் போட்ட பாதையை மனிதனுடைய காலுக்குத் திருப்பிக் கொடுத்த நகரம் உலகத்தில் அதிகம் இராது. ஓர் ஓட்டக்காரருடைய நினைவிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி ஏது?

பாலத்திலிருந்து கீழே பார்த்தால், செங்கல் சுவரும் கும்மட்டமுமாகப் பழைய ரயில் நிலையக் கட்டிடம் தெரிகிறது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில், 1925-இல் எழும்பிய கட்டிடம். 1910-ஆம் வருஷம் முதல் 1945-ஆம் வருஷம் வரையில் கொரியா ஜப்பானியருக்கு அடிமைப்பட்டிருந்தது. அந்த நாட்களில் இங்கிருந்து வடக்கே செல்லும் ரயில், ஸினுய்ஜு என்னும் எல்லைப்புற ஊரைத் தொட்டு, யாலு நதியைத் தாண்டி, மஞ்சூரியாவுக்குள் நுழையும். அங்கிருந்து சைபீரியா வழியாக ஐரோப்பாவுக்கே போய்ச் சேரலாம். பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற மாரதான் வீரர்கள் சைபீரியா ரயிலில்தான் பிரயாணம் செய்தார்கள். இன்றோ தென் கொரியாவின் வடக்கு எல்லையோடு அந்தப் பாதை நின்றுவிடுகிறது. தண்டவாளம் இருந்தும் வழி இல்லை!

யாலு நதிக்கரையிலுள்ள அந்த ஸினுய்ஜுவில் 1912-ஆம் வருஷம் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்தான் ஸோன் கிஜோங். பள்ளிக்கூடத்துக்கு நதிக்கரையோரமாக ஓடியே போய் ஓடியே வந்த பிள்ளை. 1932-இல் சியோலில் யாங்ஜோங் உயர்தரப் பாடசாலையில் சேர்ந்தார். ஓட்டப் பந்தயங்களில் அந்தப் பாடசாலை அப்போது பெயர் பெற்றிருந்தது. மூன்றே வருஷத்தில், 1935 நவம்பரில், டோக்கியோவில் 2 மணி 26 நிமிஷம் 42 வினாடியில் மாரதான் தூரத்தை ஓடி, அதுவரை உலகில் எவரும் ஓடாத வேகத்தில் ஓடிக் காட்டினார்.

பாலத்திலிருந்து இறங்கி, மேட்டுத் தெரு ஒன்றில் மூச்சு வாங்க ஏறினோம். அந்தப் பாடசாலை இருந்த இடம் ஒரு சிறு குன்று. பள்ளிக்கூடம் பின்னால் வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டது. பழைய இடம் ஸோன் கிஜோங்கின் பெயரால் ஒரு பூங்காவாயிற்று. பழைய பள்ளிக் கட்டிடத்திலே, அவர் பிறந்த நூறாவது வருஷமான 2012-இல், ஒரு நினைவு மண்டபமும் திறந்திருக்கிறார்கள். கிழவர்கள் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆடம்பரம் ஒன்றுமில்லை.

அங்கேதான் நின்றது அந்த மரம்.

நல்ல உயரம். நிமிர்ந்த அடிமரம். இலைகள் விளிம்பிலே கிழித்துவிட்டாற்போல் ஆழமாக வெட்டுண்டு, சிவக்கத் தொடங்கியிருந்தன. பெர்லினில் வெற்றி பெற்ற ஒவ்வொருவருக்கும் தங்கப் பதக்கத்தோடு ஓர் ஓக் மரக் கன்றையும் சிறு தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஜெர்மனி கொடுத்த கன்றாயினும், இது அமெரிக்காவில் வளரும் ஓக் இனம் என்று மரநூல் வல்லவர்கள் சொல்கிறார்கள். 1982-இல் சியோல் நகரசபை இதைப் பாதுகாக்கவேண்டிய நினைவுச் சின்னமாக்கியது.

"பார்த்தாயிற்றா, மாமா? புறப்படலாமா?" என்றான் மருமகன்.

"கொஞ்சம் உட்கார், அப்பா. இந்த மரம் கன்றாயிருந்தபோது ஒரு வேலை செய்தது. அதைக் கேட்டுவிட்டுப் போகலாம்" என்றோம்.

*

1936-ஆம் வருஷம் ஆகஸ்டு 9-ஆம் தேதி. பெர்லின் ஸ்டேடியத்திலிருந்து ஐம்பத்தாறு பேர் ஓட ஆரம்பித்தார்கள். தூரம் இருபத்தாறு மைலுக்கு மேல். முந்திய ஒலிம்பிக்கில் வென்ற ஆர்ஜென்டினா வீரர் ஸபாலா அம்பு போல் முன்னே பாய்ந்தார். ஸோன் அவசரப்படவில்லை. ஹார்ப்பர் என்னும் ஆங்கில வீரரோடு சேர்ந்தாற்போல் ஓடிவந்தார். பாதித் தூரத்துக்கு மேல் போனதும் இருவரும் ஸபாலாவைக் கடந்தார்கள். ஸபாலா களைத்து விழுந்து பந்தயத்தை விட்டே விலகிவிட்டார். அதன் பிறகு ஸோன் தனியாக ஓடினார். 2 மணி 29 நிமிஷம் 19 வினாடியில் அவர் ஸ்டேடியத்துக்குள் நுழைந்து எல்லையைத் தொட்டார். சராசரி ஒரு மைலுக்கு ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டரை மணிக்குள் ஒலிம்பிக் மாரதானை முடித்தவர் அவருக்கு முன் எவரும் இல்லை. அவருக்கு வயது இருபத்துமூன்று. ஹார்ப்பர் இரண்டாவதாக வந்தார். அவருக்குப் பத்தொன்பது வினாடி பின்னால் மூன்றாவதாக வந்தவரும் ஒரு கொரியரே.

அந்த மூன்றாமவருடைய பெயர் நாம் ஸுங்யோங். வாசகர்கள் மயங்கவேண்டாம், இது நாமல்ல! அவர் குலப்பெயர் "நாம்". சீன எழுத்தில் எழுதும் அந்தப் பெயரை ஜப்பானியர் தங்கள் உச்சரிப்பில் "நான்" என்று படிப்பார்கள். எனவே ஒலிம்பிக் ஏட்டில் அவர் "நான் ஷோரியூ" ஆனார். ஸோன் கிஜோங்கோ "ஸோன் கிடேய்" ஆனார். ஓர் அடிமை நாட்டின் கதையை இந்த ஓரெழுத்து மாற்றம் தமிழருக்குச் சொல்வதுபோல் வேறு எவருக்கும் சொல்லாது. அந்நியன் ஏட்டிலே "நாம்" என்பது "நான்" ஆகிவிட்டது.

இருவர் மார்பிலும் ஜப்பானின் சிவப்புச் சூரியன். இருவரும் மேடையில் ஏறி நின்றார்கள். ஜப்பானின் தேசீய கீதம் முழங்கியது. அந்தச் சமயத்தில் எடுத்த படத்தை நினைவு மண்டபத்தில் கண்டோம். உலகத்தை வென்றவன் முகம் அப்படியா இருக்கும்? இருவரும் தலை குனிந்து நிற்கிறார்கள். ஸோன் தம் கையிலுள்ள ஓக் கன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறார். இலைகள் அந்தச் சிவப்புச் சூரியனை மறைக்கின்றன! மூன்றாமவர் கையில் கன்று இல்லை. "அவருடைய தங்கப் பதக்கத்தைக் கண்டு நான் பொறாமைப்படவில்லை, கொடியை மறைக்கக் கன்று கிடைத்ததே என்றுதான் பொறாமைப்பட்டேன்" என்ற கருத்துப்பட அவர் பின்னாளில் சொன்னதாகக் கூறுவார்கள்.

இதைச் சொன்னதும் மருமகன் எழுந்துபோய் அந்த மரத்தை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "புறப்படலாமா?" என்ற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

பெர்லினில் கையெழுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் ஸோன் தம் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். சில சமயம் பக்கத்தில் கொரியா தேசத்தின் வடிவத்தையும் வரைந்தார். "எந்த நாடு?" என்று கேட்டவர்களிடம் "கொரியா" என்றார். கேட்டவர்கள் பலருக்கு அப்படி ஒரு நாடு இருப்பதே தெரியாது.

அதே பெர்லினில், அதே மாதத்தில், நம் நாட்டு ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமே. அவர்களுக்கும் அன்று சொந்தக் கொடி கிடையாது. ஆகஸ்டு 15-ஆம் தேதி ஜெர்மனியோடு இறுதி ஆட்டம். களத்தில் இறங்குமுன் அறைக்குள்ளே மூவர்ணக் கொடியை விரித்து அதற்கு வந்தனம் செலுத்திவிட்டுப் போனதாகத் தலைவர் தியான் சந்த் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார்கள். நம்மவருக்கு மறைவாகவாவது வணங்க ஒரு கொடி இருந்தது. பெயரும் இந்தியா என்றே இருந்தது. கொரியருக்கு அதுவும் இல்லை. ஒரு செடிதான் இருந்தது.

*

வெற்றிச் செய்தி சியோலை எட்டியதும் ஜனங்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். ஆனால் பத்திரிகைகளில் அச்சிடவேண்டிய படத்திலோ மார்பிலே சூரியக் கொடி! ஆகஸ்டு 25-ஆம் தேதி "தோங்கா இல்போ" என்னும் தினசரியில் அந்தப் படம் வெளிவந்தது. முகம் தெளிவாயிருந்தது, மார்பிலிருந்த கொடியைமட்டும் காணோம். விளையாட்டுச் செய்தி நிருபர் லீ கில்யோங்கும், சித்திரக்காரர் லீ சாங்போமும் மற்றும் சிலரும் சேர்ந்து அதை அழித்துவிட்டார்கள். தூரிகையின் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். அதற்காகப் பத்திரிகைக்காரர்கள் பலரைப் போலீஸார் பிடித்துச் சென்று சித்திரவதை செய்தார்கள். பத்திரிகை ஒன்பது மாதத்துக்கு மேல் நின்றுவிட்டது. இதற்குச் சில நாள் முன்பே கொடியை மங்கச் செய்து படம் போட்ட "சோஸொன் ஜுங்காங் இல்போ" என்ற இன்னொரு பத்திரிகை, நின்றது நின்றதுதான். பிறகு வெளிவரவே இல்லை.

அழித்தவர்கள் பட்ட பாட்டில் வென்றவருக்கும் பங்கு கிடைத்தது. ஸோன் தாய்நாட்டுக்குத் திரும்பியபோது வரவேற்பை விடப் போலீஸ் காவலே பலமாயிருந்தது. பிறகு டோக்கியோவில் மேஜி சர்வகலாசாலையில் சேர இடம் கொடுத்தார்கள், எப்படி? இனி ஓடக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்! பாடகனைச் சங்கீத சபையில் சேர்த்துக்கொண்டு, வாயைத் திறக்காதே என்பதுபோலத்தான் இது. உலகத்திலேயே வேகமாக ஓடத் தெரிந்த மனிதர் இருபத்துநாலு வயதில் நடந்து போகலானார்.

*

பிற்பகலில் யோங்ஸான் என்னுமிடத்திலுள்ள தேசீயப் பொருட்காட்சி சாலைக்குப் போனோம். பெரிய மாளிகை. கொரிய மன்னர்களின் பொற்கிரீடங்களையும் புத்த விக்கிரகங்களையும் கடந்து சென்றால், மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிப் பேழைக்குள்ளே ஒரு கிரேக்க வெண்கலத் தலைக்கவசம் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டு துவாரம். மூக்குக்கு ஒரு மறைப்பு. உள்ளே முகம் இல்லை. கொரிய நாட்டுக் காட்சி சாலையில் கிரேக்கப் போர்வீரனுக்கு என்ன வேலை?

அதுவும் ஸோனின் பரிசுதான். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் ஆறு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கவசம். ஒலிம்பியாவில் 1875-ஆம் வருஷம் ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்தது. மாரதான் வெற்றி வீரருக்கென்று ஏதென்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று 1936-இல் இதை அளித்தது. ஆனால் பதக்கத்துக்கு மேல் விலையுயர்ந்த பொருளைப் பந்தயக்காரர் பெறக்கூடாது என்று விதி காட்டி, அவரிடம் கொடுக்காமல் பெர்லின் காட்சி சாலையிலேயே வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் இப்படி ஒரு பரிசு தமக்கு உண்டென்பது ஸோனுக்கே தெரியவந்தது. கேட்டுக் கேட்டு, ஐம்பது வருஷம் கழித்து 1986-இல் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே கொரிய அரசாங்கம் அதை நாட்டின் பொக்கிஷங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. 1994-இல் அவர் அதைத் தேசத்துக்கே தானம் செய்துவிட்டார். தமக்குச் சேரவேண்டியது தம்மிடம் வந்து சேர அரை நூற்றாண்டு காத்திருந்தவர், வந்ததை எட்டு வருஷமே வைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையே அவர் சும்மா இருக்கவில்லை. 1945 ஆகஸ்டு 15-ஆம் தேதி கொரியா விடுதலை பெற்றது. ஓடும் பிராயம் தமக்குக் கடந்துவிட்டதென்று கண்டு, அவர் பிறரை ஓட வைத்தார். 1947-இல் அவருடைய பயிற்சியில் ஸோ யுன்போக் என்னும் இளைஞர் அமெரிக்காவில் பாஸ்டன் மாரதானில் 2 மணி 25 நிமிஷம் 39 வினாடியில் ஓடி, ஆசிரியரின் பழைய உலக சாதனையையே முறியடித்தார். ஆசிரியரின் கணக்கைச் சீடன் மிஞ்சுவதைவிட நம் தொழிலில் பெரிய சம்பளம் வேறு உண்டா? 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத் தொடக்க விழாவில் கொரிய வீரர்களுக்கு முன்னே தம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றார் ஸோன். அந்தப் பந்தயத்தில் கிம் ஸுங்ஜிப் பளு தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். 1950 ஏப்ரலில் பாஸ்டனில் ஸோனின் சீடர்கள் மூவர் முதல் மூன்று இடங்களையும் பிடித்தார்கள். இரண்டு மாதத்தில் கொரிய யுத்தம் மூண்டது. தேசம் வடக்கு, தெற்கு என்று பிளந்தது பிளந்தபடி நின்றது. ஸோன் பிறந்த ஊர் வடக்கே அகப்பட்டுக்கொண்டது.

1988 செப்டம்பர் 17-ஆம் தேதி சியோலிலேயே ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியது. ஜோதியை ஏந்தி ஸ்டேடியத்துக்குள் ஓடி வந்தவர் ஒரு முதியவர். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். நேராக ஓடவில்லை, குழந்தையைப் போலக் குதித்துக் குதித்து ஓடினார். ஐம்பத்திரண்டு வருஷம் முன்பு குனிந்த தலை அன்று நிமிர்ந்தது. நாலு வருஷம் சென்று, 1992-ஆம் வருஷம் பார்ஸலோனாவில், மோன்யூயிக் குன்றின் ஏற்றத்தில், ஹ்வாங் யோங்ஜோ என்னும் கொரிய இளைஞர், கூடவே ஓடிவந்த ஜப்பானிய வீரரைப் பிரிந்து முன்னேறி, ஒலிம்பிக் மாரதானில் வென்றார். அவருடைய தாயார் கடலில் முங்கிச் சிப்பி எடுக்கும் தொழில் செய்தவர். அன்றைய தேதியும் ஆகஸ்டு 9 தான்! அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு ஸோன் ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தார்.

2000-ஆம் வருஷம் ஸிட்னியில் வட கொரியரும் தென் கொரியரும் ஒரே கொடியின்கீழ் அணிவகுத்து வந்தார்கள். அந்தக் கொடியில் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கொரியா தேசத்தின் வடிவம் மட்டும் நீல நிறத்தில் இருந்தது. பெர்லினில் தம் கையெழுத்தின் பக்கத்தில் ஓர் இளைஞர் வரைந்து காட்டிய அதே வடிவம். இரண்டு வருஷம் கழித்து, 2002 நவம்பரில், அவர் காலமானார்.

*

இவ்வளவும் ஆகி, ஒலிம்பிக் ஏட்டில் திருத்தம் உண்டாயிற்றா? இல்லை. அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது கொரியப் பெயரையும் அடிமைக் காலத்துச் செய்தியையும் ஒலிம்பிக் சபையார் குறிப்பிடுகிறார்கள். ஆனால் வெற்றிப் பட்டியலில் நாடு ஜப்பான்தான். பெர்லின் ஸ்டேடியத்தின் கற்சுவரிலும் அப்படித்தான் செதுக்கியிருக்கிறது. 1970-இல் கொரிய நாடாளுமன்ற அங்கத்தினர் ஒருவர் இரவில் உளியோடு சென்று "ஜப்பான்" என்பதைக் கொத்திவிட்டுக் "கொரியா" என்று செதுக்கினார். கண்டுபிடித்து மறுபடியும் பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் மருமகன் கேட்டான்: "அப்படியானால் மாமா, அந்தப் பையன் எழுதியது சரியா, தப்பா? ஏடு ஜப்பான் என்றுதானே சொல்கிறது?"

நல்ல கேள்வி. உபாத்தியாயர் என்ற முறையில் நாம் ஏட்டை மதிக்கிறவர். ஏட்டில் இருப்பதை இல்லையென்று சொன்னால் நாளைக்கு எந்த ஏட்டையும் நம்ப வழியில்லை. அன்று எந்தக் கொடியின்கீழ் ஓடினார் என்று கேட்டால், ஜப்பான் என்பதே விடை. ஆனால் நம் கேள்வி அதுவல்லவே! "எந்த நாட்டவர்?" என்று கேட்டோம். சட்டையின்மேல் தைத்திருப்பதைக் கேட்கவில்லை. சட்டைக்குள்ளிருந்த மனிதரைக் கேட்டோம். கேள்வியைச் சரியாகப் போட்டுவிட்டு விடையைத் தப்பாகத் திருத்தியது நாம்தான். ஏடு கொடியை எழுதும். மனிதரை எழுதுவது ஆசிரியரின் பொறுப்பு. இனி நம் வகுப்பில் இரண்டையும் சொல்வோம். ஒன்றை மட்டும் சொல்லமாட்டோம்.

காட்சி சாலைக் கடையில் ஒரு படக் கார்டு வாங்கினோம். அந்தப் பையன் இப்போது பிள்ளையல்ல. பக்கத்து ஜில்லாவில் ஓர் உத்தியோகத்தில் இருக்கிறான் என்று கேள்வி. விலாசம் விசாரித்து வைத்திருந்தோம். தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதினோம்:

"சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நீ எழுதிய விடை சரி. நாம் இட்ட கோடு தப்பு. பரிசை மாற்றிக் கொடுக்க இப்போது நமக்கு வழியில்லை. மார்க்கை மட்டும் போட்டுக்கொள்."

கையெழுத்திட்டுவிட்டுப் பார்த்தோம். எழுதியது சிவப்பு மையால்தான். வேறு பேனா கைவசம் இல்லை.